போய்ச் சேர்ந்தது, பொருள் மாறிற்று

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தையும் இசையையும் பற்றிப் பேசுவதே நம் வழக்கம். அவ்வழக்கத்திற்கு மாறாகக் கம்ப்யூட்டர்க் கோப்புகளைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தவர் நம் செயலாளர் அவர்கள். "இக்குடியிருப்பில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் மெயின்பிரேமில் வேலை பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். நள்ளிரவில் தொலைபேசி மணி ஒலித்ததும் அவர் எழுந்து ஓடியதை அக்கம்பக்கத்தார் அனைவரும் அறிவர். எதற்காக ஓடினார் என்பதை அவர் வீட்டார்கூட அறியார். அதைச் சொல்லுங்கள், போதும்" என்றார். ஓடியவர்களுள் பெண்மணிகளும் உண்டு என்பதை ஈண்டுச் சேர்த்துச் சொல்லுதல் கடமை. ஆகவே, ஓடியவர்கள் அனைவரின் சார்பிலும் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

எங்களைத் துயிலெழுப்பிய காரணங்கள் பல. அவற்றுள் மிக அற்பமாகத் தோன்றியதும் மிகுதியாக வாட்டியதும் ஒன்றே. ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பை இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வேலைதான் அது. அனுப்புகின்ற மென்பொருள் தோற்றுப்போனால் எங்களுக்குக் கவலையில்லை, மீண்டும் அனுப்பிவிடுவோம். அது வென்றுவிட்டதாக அறிவித்த இரவுகளே எங்களுக்கு இடர் தந்தன. அஃது எவ்வாறு என்பதே இன்று சொல்ல வந்த செய்தி.

முதற்கண் மெயின்பிரேம் என்பது யாது எனச் சிறிது கூறவேண்டும். வங்கி, காப்பீடு, விமானப் பயணப் பதிவு, அரசாங்கக் கருவூலம் ஆகியவற்றின் பெருங்கணக்குகளைத் தாங்குகின்ற பெரிய கம்ப்யூட்டரே அது. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கம்ப்யூட்டர்க் குடும்பத்தை அறிவித்தது. அக்குடும்பத்தின் வழித்தோன்றல் 2025 ஏப்ரலில் இசட்17 என்னும் பெயரோடு அறிவிக்கப்பட்டது. இடையில் எத்தனையோ முறை மெயின்பிரேமுக்கு இரங்கற்பா பாடிவிட்டார்கள். பாடப்பட்ட அதுவோ நாள் தவறாமல் பணிக்கு வந்துகொண்டிருக்கிறது.

அக்குடும்பத்திற்கு ஒரு பழமை உண்டு. அதன் மூதாதை துளையட்டை. ஐ.பி.எம். 1928இல் கொண்டுவந்த அட்டையில் 80 நிரல்கள் இருந்தன. ஓர் அட்டை ஒரு பதிவு. அட்டை மறைந்து காந்தத் தட்டு வந்த பின்னும் மெயின்பிரேமின் மனத்தில் கோப்பு என்பது அட்டைக் கட்டாகவே நின்றுவிட்டது. நம் முன்னோரின் ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். எல்லா ஏடும் ஒரே நீளமாக நறுக்கப்பட்டவை. எழுத்து ஏட்டின் இடையிலேயே முடிந்தாலும் ஏட்டை யாரும் குறுக்கி வெட்டுவதில்லை. மெயின்பிரேமின் கோப்பும் அத்தகையது. பதிவின் நீளம் 80 என்று விதித்தால், ஒவ்வொரு பதிவும் 80 எழுத்துக்களே. எழுத இல்லாத இடம் வெற்றிடத்தால் நிரப்பப்படும். அட்டையின் 73 முதல் 80 வரையுள்ள நிரல்களில் வரிசை எண்ணைத் துளைத்து வைப்பார்கள். கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் மீண்டும் அடுக்கவேண்டுமல்லவா? சுவடியில் ஏட்டெண் இடுகின்ற அதே முன்னெச்சரிக்கைதான்.

நம் மேசைமேல் இருக்கும் சிறிய கம்ப்யூட்டருக்கு இந்த ஏட்டுக் கணக்கே தெரியாது. அதற்குக் கோப்பு என்பது இடைவிடாத ஓர் எழுத்தோட்டம். வரி முடிந்தது என்பதைக் காட்ட ஒரு சிறு குறியை இடையிடையே போட்டுக்கொண்டு, நீளத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் அது ஓடும். சுவடியைச் சுருளாக மாற்றவும் சுருளைச் சுவடியாக மாற்றவும் ஒருவர் நடுவே நிற்கவேண்டும். அவர்தாம் கோப்புப் பரிமாற்ற மென்பொருள், எஃப்.டி.பி. என்று எங்கள் உலகம் அழைப்பது அவரையே.

இவரோடு நாங்கள் பட்ட சிறு சிறு தொல்லைகளை விரிப்பின் பெருகும். சிலவற்றை மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மெயின்பிரேமில் கோப்பின் பெயர் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் 8 எழுத்துக்கு மேற்படலாகாது. புள்ளிகளையும் சேர்த்து மொத்தம் 44 எழுத்துக்கு மேற்படலாகாது. பெயரை மேற்கோள் குறிக்குள் இடாமல் கொடுத்தால், கொடுத்தவரின் பயனர் பெயரைத் தானாக முன்னே ஒட்டிக்கொண்டு, "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று மென்பொருள் கைவிரிக்கும். கோப்பு கண்முன்னே இருக்கும்போதே இல்லை என்று அது சொல்லக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத புதியவர் எவரும் இலர்.

இடம் என்பது இன்னொரு தொல்லை. சிறிய கம்ப்யூட்டரில் கோப்பு வளர வளர இடம் தானே கிடைக்கும். மெயின்பிரேமிலோ வீடு கட்டுமுன் மனையை அளந்து வேலி போடுவதுபோல, 'முதலில் இத்தனை டிராக், போதாவிடில் மேலும் இத்தனை' என்று முன்கூட்டியே கேட்டு வாங்கவேண்டும். சாதாரண வரிசைக் கோப்பு ஒரு வட்டில் 16 துண்டுகளுக்கு மேல் பரவ இயலாது. இரண்டு மணி நேரம் ஓடிய பரிமாற்றம் பதினேழாம் துண்டு வேண்டிய கணத்தில் பி37 என்னும் எண்ணை உதிர்த்துவிட்டுப் படுத்துவிடும். பி37 என்று யாரேனும் தூக்கத்தில் புலம்பியதை உங்கள் வீட்டில் கேட்டிருந்தால், அது பேருந்தின் எண் அன்று என்பதை இப்பொழுது அறிந்துகொள்ளுங்கள்.

இந்த வகைத் தொல்லைகளை நாங்கள் வெறுக்கவில்லை. அவை வாய்விட்டுக் கத்துகின்றன. கத்துகின்ற பிள்ளையைத் தேடிப் பிடிப்பது எளிது. நிற்க.

எழுத்துக் குறியீட்டின் கதை வேறு. கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டுமே தெரியும் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறோம். 1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் பொதுக் குறியீடு வகுக்கப்பட்டது. அதற்காக முன்னின்று உழைத்தவர்களுள் அக்காலத்தில் ஐ.பி.எம்.மிலேயே பணியாற்றிய பாப் பீமரும் ஒருவர். ஆயினும் அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360, அட்டைக் காலத்துப் பழைய குறியீட்டிலிருந்து வளர்ந்த எப்சிடிக் என்பதையே கைக்கொண்டது. ஒரே வீட்டில் பிறந்த இரு பிள்ளைகள் இரு மொழி பேசத் தொடங்கிய கதை இது.

ஆஸ்கியில் 'ஏ' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் எண் 65, எப்சிடிக்கில் 193. ஆஸ்கியில் 26 எழுத்துக்களும் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. எப்சிடிக்கில் முதல் 9 எழுத்துக்கள் 193 முதல் 201 வரை, அடுத்த 9 எழுத்துக்கள் 209 முதல் 217 வரை, எஞ்சிய 8 எழுத்துக்கள் 226 முதல் 233 வரை என மூன்று கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. அட்டையில் துளையிட்ட முறையின் தழும்பு அது. வெற்றிடத்தின் எண் எப்சிடிக்கில் 64, ஆஸ்கியில் 32. ஆஸ்கியில் 64 என்பது மின்னஞ்சல் முகவரியில் நாம் இடுகின்ற '@' குறி. ஆகவே மெயின்பிரேமின் கோப்பை மாற்றாமல் அப்படியே சிறிய கம்ப்யூட்டரில் திறந்தால், பொருளற்ற குறிகளுக்கு நடுவே '@@@@@@' என்று சாரை சாரையாகக் காணலாம். அச்சாரையைக் கண்டதும் நடந்தது இன்னதென்று எங்களுக்கு விளங்கிவிடும்.

இவ்வனுபவம் நம் சங்கத்தார்க்கும் புதிதன்று. யூனிகோடு பரவுவதற்கு முன்னர், ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்பிய தமிழ்க் கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத அச்சகத்தில் திறந்தபொழுது ஐரோப்பிய எழுத்துக்களின் குப்பையாகத் தோன்றியதை மலர்க் குழுவின் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கட்டுரை தொலையவில்லை, ஓர் எழுத்தும் குறையவில்லை, ஆயினும் படிக்க இயலவில்லை. எங்கள் தொல்லையும் அதுவே.

எப்சிடிக்கும் ஒன்றன்று, பல. நாட்டுக்கு நாடு அதன் அட்டவணை சிறிது மாறும். சதுர அடைப்புக்குறிகள் ஓர் அட்டவணையில் 186, 187 என்றும், மற்றோர் அட்டவணையில் 173, 189 என்றும் இருக்கும். சி மொழியில் நிரல் எழுதியவர்கள் இதனால் பட்ட பாட்டைத் தனியே ஒரு புராணமாகப் பாடலாம். 1980களில் மெயின்பிரேமின் முனையத்தின் வழியே கோப்பை அனுப்ப ஐ.பி.எம். தந்த நிரலின் பெயர் நடுவே டாலர் குறி உண்டு. பிரிட்டனின் அட்டவணையிலோ அவ்விடத்தில் பவுண்டுக் குறி நின்றது. அதனால் அந்நாட்டார் டாலர் குறியைத் தட்டினால் நிரல் அகப்படாது. பவுண்டுக் குறியைத் தட்டினால்தான் வரும். கோப்பை மொழிபெயர்க்க வந்தவனின் பெயரையே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது!

இத்தனை வேற்றுமைகளை முதலில் வகுத்தவர்கள் உணரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். அதில் நாம் பெருமை கொள்ளவும் இடமுண்டு. கோப்புப் பரிமாற்றத்திற்கான முதல் விதிமுறையை 1971 ஏப்ரலில் எழுதி வெளியிட்டவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவராக 1965இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பயிலச் சென்றவர் அவர். அக்காலத்து ஆர்ப்பாநெட் வலையில் 1969இல் இணைந்த முதல் நான்கு கம்ப்யூட்டர்களும் நான்கு வகை. ஒன்றின் சொல்லில் 24 பிட்கள், மற்றொன்றில் 36, எஞ்சிய இரண்டிலும் 32. அந்நால்வருள் மூன்றாமவர் சாந்தா பார்பராவில் இருந்த ஐ.பி.எம். 360/75. ஆகவே அவ்விதிமுறையைச் செம்மைப்படுத்தி 1985இல் வெளியிட்ட பதிப்பிலும், ஆஸ்கிக்கு ஒரு வகை, எப்சிடிக்குக்கு ஒரு வகை, ஒன்றையும் மாற்றாமல் அனுப்புவதற்கு ஒரு வகை, பதிவுகளாகப் பிரித்து அனுப்புவதற்கு ஒரு முறை என்று எல்லாவற்றிற்கும் இடம் வைத்திருந்தார்கள்.

இடம் வைத்தவர்கள்மேல் குறையில்லை. ஆயின் நாளடைவில் சிறிய கம்ப்யூட்டர்கள் பெருகியபொழுது, அவற்றின் மென்பொருள்கள் இவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டன. 'எழுத்து முறை' என்பது ஒன்று. அனைத்தையும் எழுத்தாகக் கருதி மொழிபெயர்த்துவிடும். 'இரும முறை' என்பது மற்றொன்று, எதையும் தொடாது. எங்கள் கையில் இருந்த விசை இவ்விரண்டு மட்டுமே. கோப்பில் பாதி எழுத்தாகவும் பாதி எழுத்தல்லாததாகவும் இருந்தால் என் செய்வது? இதற்கு அவ்விசையில் விடையில்லை.

1998ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நிறுவனத்தின் பெயர் வேண்டா. பணியிலிருக்கும்போது இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் சிறு உதவித்தொகை வழங்கும் நிதி ஒன்று அங்கே இருந்தது. அதன் கணக்கு அதுவரை மெயின்பிரேமில் இருந்தது. அதை ஒரு சிறிய யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பொறுப்பு எங்களுள் மூவரிடம் வந்தது. மாதத்தின் கடைசி நாள். மறுநாள் காசோலைகள் போகவேண்டும்.

கோப்பின் ஒவ்வொரு பதிவிலும் பெறுபவரின் பெயர், முகவரி, எண், தொகை ஆகியவை இருந்தன. முதலில் இரும முறையில் அனுப்பினோம். பெயர்கள் எல்லாம் எப்சிடிக்காகவே வந்து சேர்ந்து, நாம் முன்னே சொன்ன '@' சாரையாகக் காட்சியளித்தன. உடனே எழுத்து முறைக்கு மாற்றி மீண்டும் அனுப்பினோம். பெயர்கள் பளிச்சென்று வந்தன, முகவரிகளும் அப்படியே. திரையில் 250 என்னும் எண்ணும் 'பரிமாற்றம் வெற்றிகரமாக முடிந்தது' என்னும் வாசகமும் தோன்றின. மகிழ்ந்தோம்.

அடுத்து, தொகையைப் படிக்கும் நிரலை ஓட்டினோம். அது சில பதிவுகளை, 'இத்தொகை எண்ணே அன்று' என்று தள்ளியது. தள்ளிய பதிவுகளை ஒரு பட்டியலாக எடுத்து, பழைய அச்சுப் படியைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். பிழையானவை தள்ளப்பட்டுவிட்டன, ஆகவே தள்ளப்படாதவை சரியானவை என்று எண்ணினோம். எத்துணைப் பேதைமை என்று இன்று சொல்லலாம். அன்று இரவு பதினொரு மணிக்கு அது நியாயமாகவே தோன்றிற்று.

அந்நிதிக் கணக்கைப் பார்த்துவந்தவர் ஒரு மராட்டியப் பெரியவர். அலுவலகம் முழுவதும் அவரைக் 'காகா' என்றே அழைக்கும். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. கம்ப்யூட்டரை அவர் தொட்டதில்லை. சென்ற மாதத்துப் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அச்சாகி வந்த பட்டியலின் அடியில் இருந்த மொத்தத்தைப் பார்த்தார். "மொத்தம் இடிக்கிறது" என்றார். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "கையால் திருத்தினார்களல்லவா, அதில் ஏதோ விட்டுப்போயிருக்கும், அடுத்த மாதம் சரிக்கட்டிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுங்கள்" என்றார். காகா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சாகேப், கணக்கு வராமல் நான் முப்பது ஆண்டில் கையெழுத்துப் போட்டதில்லை" என்று மெல்லச் சொன்னார்.

பிறகு பட்டியலின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றது. "இந்த அம்மையார் ஒவ்வொரு மாதமும் தம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்து வாங்குவார். அவருக்கு 405 ரூபாய். இதில் 202 ரூபாய் 60 காசு என்றிருக்கிறது. அரைப் பங்கை யார் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். அவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார். எங்களுக்கு முகம் வெளிறிவிட்டது. அந்த வரி தள்ளப்பட்ட பட்டியலில் இல்லை. நாங்கள் கை வைக்கவே இல்லை.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். அந்தக் கணக்கைப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம் என்பதால் இங்கே சொல்கிறோம். மெயின்பிரேமில் தொகையை எழுத்தாக எழுதுவதில்லை. இடத்தைச் சிக்கனப்படுத்த, ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களாக நெருக்கி வைப்பார்கள். ஒவ்வொரு பைட்டும் இரண்டு அறைகள் கொண்ட பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறையின் எண்ணை 16ஆல் பெருக்கி, இரண்டாம் அறையின் எண்ணைக் கூட்டினால் அப்பெட்டியின் மதிப்பு வரும். கடைசி அறையில் மட்டும் இலக்கத்திற்குப் பதிலாக, இது வரவு என்று காட்ட 12 என்னும் குறி இருக்கும். 405 ரூபாய் 00 காசு என்பதை நான்கு பெட்டிகளில் வைத்தால் 0-0, 4-0, 5-0, 0-12 என்று அமையும்.

எழுத்து முறையில் அனுப்பும் மென்பொருளுக்கு இவை தொகை என்று தெரியாது. எழுத்து என்றே எண்ணும். முதல் பெட்டியும் கடைசிப் பெட்டியும் இரு குறியீட்டிலும் ஒரே எண்கொண்ட கட்டுப்பாட்டுக் குறிகள், ஆகவே மாறவில்லை. இரண்டாம் பெட்டி 4-0, அஃதாவது 64. எப்சிடிக்கில் 64 என்பது வெற்றிடமல்லவா? ஆஸ்கியின் வெற்றிடம் 32; எனவே அதை 2-0 என்று மாற்றிற்று. மூன்றாம் பெட்டி 5-0, அஃதாவது 80. எப்சிடிக்கில் 80 என்பது '&' என்னும் குறி; ஆஸ்கியில் அதன் எண் 38, அதாவது 2-6. இப்பொழுது நான்கு பெட்டிகளும் 0-0, 2-0, 2-6, 0-12. படித்துப் பாருங்கள்: 202 ரூபாய் 60 காசு. வரவுக் குறிகூட வழுவாமல் இருக்கிறது! இதை எந்த நிரல்தான் பிழை என்று தள்ளும்?

அந்த அம்மையார் மட்டுமல்லர். 400 ரூபாய் பெறுபவர்க்கு 200 ஆயிற்று. 500 ரூபாய் பெறுபவர்க்கு 260 ஆயிற்று. 600 ரூபாய் பெறுபவர்கள் ஒருவகையில் பேறுடையவர்கள். அவர்கள் தொகையில் 6-0 என்னும் பெட்டி இருந்தது. அதன் மதிப்பு 96. எப்சிடிக்கில் அது சிறு கோடு. ஆஸ்கியில் சிறு கோட்டின் எண் 45, அதாவது 2-13. பதின்மூன்று என்று ஓர் இலக்கம் கிடையாது, ஆகவே நிரல் கத்திற்று, நாங்கள் திருத்தினோம். கத்தியவர்க்கு முழுத்தொகை கிடைத்தது. ஓசையின்றி இருந்தவர்கள் பங்கு பாதியாகக் குறைந்தது. வட்டமான தொகை பெறுகின்ற ஏழைக் குடும்பங்களே அப்பட்டியலில் மிகுதி.

காகாவுக்கு இக்கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். "ஒரு குறியை இன்னொரு குறியாக மிகச் சரியாகத்தான் மாற்றியிருக்கிறது, பாவம், அதற்கு இது பணம் என்று யாரும் சொல்லவில்லை" என்றார். மென்பொருள்மேல் எங்களுக்கு இருந்த சினம் அவருக்கு இல்லை.

மேலதிகாரி வீட்டுக்குப் போய்விட்டார். மேசைமேல் கையெழுத்தில்லாத பட்டியல் கிடந்தது. செய்யவேண்டியது யாது என்பது தெளிவாயிற்று. மெயின்பிரேமிலேயே ஒரு சிறு நிரல் எழுதி, நெருக்கி வைத்த தொகையைப் பிரித்துச் சாதாரண இலக்கங்களாக எழுதச் செய்தோம். வரவு, பற்றுக் குறியைத் தனி இடத்தில் வைத்தோம். அதைச் சொல்லக் காரணமுண்டு: அட்டைக் காலத்து வழக்கப்படி குறியைக் கடைசி இலக்கத்தின் மேலேயே ஏற்றி வைத்தால், 1200 என்பது '120' என்றும் அதை ஒட்டி ஒரு நெளிவு அடைப்புக்குறியாகவும் வந்து நிற்கும். அதையும் ஒருமுறை பட்டறிந்திருந்தோம். இப்பொழுது பதிவு முழுவதும் எழுத்தே. கோப்பின் இறுதியில், பதிவுகள் இத்தனை, தொகையின் மொத்தம் இத்தனை என்று ஒரு கூடுதல் வரியும் எழுதச் செய்தோம். அவ்வரியைச் சேர்க்கச் சொன்னவர் காகா.

எழுத்து முறையில் அனுப்பினோம். அப்பொழுதும் உடனே முடிந்துவிடவில்லை. பதிவின் பின்புறத்து வெற்றிடங்களை மெயின்பிரேமின் எஃப்.டி.பி. இயல்பாகவே கத்தரித்துவிடும். ஒரே நீளமாக இருக்கவேண்டிய ஏடுகள் முகவரிக்குத் தக்கபடி நீண்டும் குறுகியும் வந்து சேர்ந்தன. படிக்கும் நிரல் ஒருவர் முகவரியின் வாலை அடுத்தவர் பெயரோடு ஒட்டிற்று. வெற்றிடத்தை வெட்டாதே என்று தனி ஆணை உண்டு. அதைத் தேடிக் கண்டு இட்டோம். மழை விடாமல் பெய்தது. காகா நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். விடியற்காலை நான்கு மணி அளவில் கோப்பு போய்ச் சேர்ந்து, அங்கே மீண்டும் கூட்டிய மொத்தமும், கடைசி வரியில் சுமந்து சென்ற மொத்தமும், பேரேட்டின் மொத்தமும் ஒன்றாக நின்றன. அவரை எழுப்பினோம். மூன்று எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். திரையில் அதே 250, அதே வாசகம். முந்தின இரவு பிழையாகச் சென்றபொழுது தோன்றியதற்கும் இதற்கும் ஓர் எழுத்து வேற்றுமையில்லை.

அதன் பின்னர் நாங்கள் எந்நிறுவனத்திற்குச் சென்றாலும், கோப்பின் கடைசியில் எண்ணிக்கையும் மொத்தமும் தாங்கிய வரி இல்லாமல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். 'இதற்கு நேரமில்லை' என்று சொன்ன அதிகாரிகளோடு பிணங்கியும் இருக்கிறோம். எங்களுள் ஒருவர் அப்பிணக்கினால் ஒரு பதவி உயர்வை இழந்தார். அவர் இன்று இவ்வவையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் கோபிப்பார்.

பிற்காலத்துத் தொல்லைகளைச் சுருங்கச் சொல்லி அமைகிறோம். எஃப்.டி.பி. ஆணைக்கு ஓர் இணைப்பும் கோப்புக்கு வேறோர் இணைப்புமாக இரண்டைத் திறக்கும் இயல்புடையது. நிறுவனங்கள் வலைக் காவல் சுவர் எழுப்பியபின், முதலாவதை உள்ளே விட்ட காவலன் இரண்டாவதை மறித்தான். உள்நுழைந்தாயிற்று, வரவேற்பும் கிடைத்தது. கோப்புப் பட்டியலைக் கேட்டால் மட்டும் மணிக்கணக்காக மௌனம். கடவுச்சொல் வெளிப்படையாகச் செல்கிறது என்பதால் பழைய எஃப்.டி.பி.யை மூடி, மறையாக்கம் உள்ள எஸ்.எஃப்.டி.பி.க்கு மாறச் சொன்னார்கள். மாறத்தான் வேண்டும், ஐயமில்லை. ஆயின் அது யூனிக்ஸ் உலகில் பிறந்தது. அதற்கு ஏட்டுக் கணக்கு தெரியாது. எனவே மெயின்பிரேமின் கோப்பை முதலில் யூனிக்ஸ் பகுதிக்குப் படியெடுத்து, பிறகே அனுப்பும் வழக்கம் பல இடங்களில் ஏற்பட்டது. இரண்டு இடத்தில் மாறவேண்டியிருந்தால் இரண்டு இடத்தில் பிழைக்கலாம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இப்பொழுது நம் குடியிருப்பின் இளைஞர்கள் இதே வேலையை வேறு பெயர்களில் செய்துவருகிறார்கள். மெயின்பிரேமின் பழைய கணக்குகளை மேகக் கணிமைக்கு ஏற்றுவதாகச் சொல்கிறார்கள். சென்ற தீபாவளியன்று அவர்களுள் ஒருவர் பட்டாசு வெடிக்கும் வேளையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "மாமா, எல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறது என்று வருகிறது, ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் 260 என்று காட்டுகிறது" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. உள்ளே அழைத்து, இனிப்புத் தட்டை நகர்த்திவிட்டு, ஒரு தாளில் நான்கு பெட்டிகள் வரைந்தோம்.

அடுத்து மேடையேறச் சிறுவர்கள் வேடம் தரித்துக் காத்திருக்கிறார்கள்.